கடைசி ஆளுக்குப் பின்னால்

நாங்கள் போய் நின்றபோது ரயில் நிலையத்து வாசலில் பனி நன்றாக இறங்கியிருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முந்திய நேரம். தெருவிளக்குகள் பஞ்சுக்குள் வைத்து எரியவிட்ட மாதிரி மங்கிக் கிடந்தன. செய்தித்தாள் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை.

என் நாத்தனார் குளிரில் தோளை உதறிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்துப் பார்த்தாள். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வயது, என்னைவிட ஒரு தலை உயரம், ஆனாலும் குட்டி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பாவாடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் போனபிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதும், ஓட்டப்பந்தயங்களுக்குக் கூட்டிப்போய் மைதானத்து வெயிலில் உட்கார்ந்து கிடந்ததும் நான்தான். போன வருஷம் பயிற்சியில் கால் பிசகி முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளைக் குளிக்க வைத்து, நடக்க வைத்து, படியேற வைத்தேன். மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த ஊருக்கு நாங்கள் வந்ததே என் கணவரின் அலுவலகப் பயிற்சியைச் சாக்கிட்டுத்தான். ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு சின்ன அறிவிப்பு மாட்டியிருந்தது. 'ஓடிக்கொண்டே ஊரைப் பாருங்கள். வழிகாட்டி உண்டு.' குட்டி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்றைக்குமே மறுப்புச் சொன்னதில்லை.

"நீ ஓடு. நான் எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச ஓட்டமெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறதுதான்."

"நீங்க சைக்கிள்ல வாங்க அண்ணி. கூட நீங்க இருந்தா எனக்குக் கால் பயம் இருக்காது."

அப்படித்தான் நானும் வாடகை சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பனியில் நின்றேன்.

வழிகாட்டி என் வயதுப் பெண். ஒல்லியான, வெயிலில் வற்றிய உடம்பு. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பேச்சில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. எங்களைத் தவிர ஒரு பல் டாக்டரும், புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்றும் வந்திருந்தார்கள். பல் டாக்டர் வந்ததிலிருந்து வாயை மூடவில்லை. மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், இன்று தன் வாய்க்கு விடுமுறை கொடுத்திருப்பதாக அவரே சொல்லிக்கொண்டார்.

"சைக்கிள் என் பக்கத்துல, முன்னாடி வரட்டும் அக்கா," என்றாள் வழிகாட்டி. "பின்னாடி சைக்கிள் சத்தம் கேட்டா ஓடுறவங்களுக்குத் தொந்தரவு."

"இவ மெதுவாத்தான் வருவா. பின்தங்கிட்டா?"

அவள் குட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு சேர்த்துக்குவோம். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்."

ஓட ஆரம்பித்தோம். தபால் நிலையம், பழைய நீதிமன்றம், தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்த சந்தைக் கட்டடம். வழிகாட்டி மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டே ஒவ்வொன்றின் கதையையும் சொன்னாள். கையுறைத் தொழிற்சாலையின் நீண்ட மதிலை ஒட்டித் திரும்பும்போது நின்று பார்த்தோம். ஜோடி வந்தது. பல் டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியாகக் குட்டி வந்தாள். முகம் சிவந்து, மூக்கு நுனி பளபளத்து, அத்தனை சந்தோஷமாக.

"கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே தெரியல அண்ணி. போங்க, போங்க."

அதற்குப் பிறகு தெருக்கள் குறுகின. ஆற்றை நெருங்க நெருங்கப் பனி கெட்டியானது. என் சைக்கிள் விளக்கு முன்சக்கரத்தைத் தாண்டி எதையும் காட்டவில்லை. சேற்று வாடையும் ஈரக்கல் வாடையும் மூக்கில் ஏறின. அதுவரை ஓயாமல் கதை சொல்லிக்கொண்டு வந்த வழிகாட்டி அந்தத் தெருவில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஓடும்போதே தலையைக் கொஞ்சம் சாய்த்து, பின்பக்கம் காது கொடுத்தபடி ஓடினாள்.

தெரு ஒரு கைப்பிடிச் சுவரில் போய் முடிந்தது. அதற்கு அப்பால் ஆறு. கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் மேலே எதுவும் இல்லாமல் நின்றன.

"இங்க ஒரு நடைபாலம் இருந்தது," என்றாள். "அக்கரையில ஒரு பூங்கா. முன்னெல்லாம் அங்க போய்த்தான் ஓட்டத்தை முடிப்போம். வெள்ளத்துல பாலம் போயிடுச்சு. இப்ப இங்கயே திரும்பிடுறோம்."

ஜோடி வந்து சேர்ந்தது. பல் டாக்டர் வந்து சுவரில் சாய்ந்தார். குட்டியைக் காணோம்.

நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பி நடக்கப் போனேன். அப்போது பனிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. யாருடனோ பேசிக்கொண்டு வந்தாள். நடுவில் சிரித்தாள். எதிராளி பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி விட்டு மறுபடி பேசினாள்.

பிறகு வெளியே வந்தாள். தனியாக.

"யார்கிட்ட பேசிட்டு வர்ற?"

"பின்னாடி வர்ற அண்ணன்கிட்டதான். ரொம்ப நல்ல மனுஷன், அண்ணி. மூச்சு எப்படி விடணும், தோளை எப்படித் தளர்த்தணும், எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார். அவசரமே இல்ல, நீங்க வர்ற வேகத்துக்கு நான் வர்றேன்னார்."

எல்லோரும் அவளுக்குப் பின்னால் பார்த்தோம். பனி அசையாமல் நின்றது.

வழிகாட்டி மட்டும் பனியைப் பார்க்கவில்லை. குட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரைத் திரும்பிப் பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல. ஓடும்போது திரும்பினா முழங்காலுக்கு நல்லதில்ல, நேரா பார்த்து ஓடுங்கன்னார்." குட்டி இப்போது திரும்பினாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. "இங்கதான் இருந்தார்... இதோ, பேசுறாரே."

"என்ன பேசுறார்?"

"ஏன் நின்னுட்டீங்க, இன்னும் முடியலையேங்கிறார்."

பல் டாக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

திரும்பும்போது வழிகாட்டி எங்களை முன்னால் விட்டு, தான் கடைசியாக ஓடி வந்தாள். குட்டி எங்களுக்கு நடுவில். ரயில் நிலைய வாசல் வரும்வரை யாரும் நிற்கவில்லை. ஒருமுறை மட்டும் நான் திரும்பிப் பார்த்தேன். வழிகாட்டியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அழுகிறாளா, யாரையோ கூப்பிடுகிறாளா என்று தெரியவில்லை.

மற்றவர்கள் கலைந்தபிறகு அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது யாரு?"

"என் வீட்டுக்காரர்," என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. முன்னால் இவள், பின்னால் அவர். மெதுவாக வருகிறவர்களுக்குத் துணையாக ஓடுவதுதான் அவருடைய வேலை. ஆறு பெருகிய அன்று இவள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்துவிட்டாள். வயதான ஒரு டீச்சர் மட்டும் பின்தங்கி வந்திருக்கிறார். டீச்சரோடு இவள் வீட்டுக்காரர். இருவரும் நடுப்பாலத்தில் இருந்தபோது பாலம் போய்விட்டது. டீச்சர் உடம்பு கிடைத்தது. இவர் கிடைக்கவில்லை.

"அப்புறம் கடைசியா ஓடி வர்றவங்க சில பேர் சொல்லுவாங்க. பின்னாடி வந்தவர் நல்லா தைரியம் சொன்னார், அவருக்கும் நன்றி சொல்லிடுங்கன்னு. எல்லாருக்கும் கேக்காது. எப்பவாவது ஒருத்தருக்கு. ஆத்தங்கரை வந்ததும் நின்னுடுவார். அதைத் தாண்டி யார் கூடவும் அவர் வந்ததில்ல."

"தெரிஞ்சேதான் என் பொண்ணைக் கடைசில விட்டியா?"

அவள் தலை குனிந்தாள். "ஒரு தடவைகூட எனக்கு அவர் குரல் கேட்டதில்லக்கா. நான் முன்னாடி ஓடுறவ."

நான் கையை விட்டுவிட்டேன். குட்டிதான் பக்கத்தில் வந்து, குற்றம் செய்தவள் மாதிரி சொன்னாள்.

"நான்தான் கேட்டேன் அண்ணி. வழியில கால் லேசா வலிச்சுது. கடைசி வரைக்கும் கூட வருவீங்களான்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வர்றேன்னார்."

ஹோட்டல் வாசலில் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. முதலில் நான் நுழைந்தேன். அடுத்து குட்டி. கதவு மூட ஆரம்பித்தது. பாதியில் நின்றது. யாருக்காகவோ மறுபடியும் அகலத் திறந்துகொண்டது.

வரவேற்பறையில் இருந்தவர் தலையை நிமிர்த்தி, யாரையும் காணாமல் மறுபடி குனிந்துகொண்டார்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிர். ஆனால் கண்ணால் பார்க்காததை மூளைக்குள் விடாத மனுஷர். "விடியறதுக்கு முன்னாடி எழுப்பி வெறும் வயித்துல ஓட விட்டா எனக்கும்தான் நாலு பேர் பேசுறது கேக்கும்," என்றார். தங்கைக்குப் பழச்சாறு வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார்.

அன்று பகல் முழுக்கக் குட்டி உட்காரவில்லை.

உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவாள். "எழுந்திருங்க, உடம்பு ஆறிடும், இன்னும் கொஞ்சம்தான்ங்கிறார்," என்பாள். திட்டுகிற குரல் இல்லையாம். அதட்டுகிற குரலும் இல்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "கோபமா பேசினா நானும் கத்தலாம் அண்ணி. இவர் பாவம் போல கெஞ்சுறார்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைசி ஆளுக்குத்தானே அவர் துணை. அவளைக் கடைசி ஆளாக இல்லாமல் செய்துவிட்டால்? எங்கள் அறைக்கு வெளியே நீண்ட நடைக்கூடம், பழைய பலகைத் தரை. மிதித்தால் முனகும். சாயங்காலம் அவளை முன்னால் நடக்கச் சொல்லி, நான் பின்னால் நடந்தேன். என்னைப் பிடித்துக்கொள்ளட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்ற வீம்பு.

குட்டியின் காலடியில் பலகை முனகியது.

என் காலடியில் பலகை முனகியது.

இரண்டுக்கும் நடுவிலும் முனகியது.

நான் நின்றேன். குட்டி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையே வெறும் தரை. அதன் மேல் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தி நிமிர்ந்தன. ஈர ரப்பர் வாடை வந்தது. ஆற்றுச் சேற்று வாடை வந்தது. ஓடி முடித்த மனிதனின் உடம்புச் சூடு என் முகத்தில் லேசாகப் பட்டது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் நடந்தார். நான் அங்கே இருப்பதே அவருக்குப் பொருட்டில்லை.

அன்று இரவு அவள் அண்ணனே பயந்துவிட்டார். கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்த தங்கையைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்தாள். கால்கள் மட்டும் தரையில் ஓடிக்கொண்டே இருந்தன. காலையில் முதல் ரயிலுக்கே கிளம்பிவிடலாம் என்றார். கிளம்பினோம். ரயில் நிலையத்து வாசல் வரைதான் போக முடிந்தது. படியில் கால் வைத்ததும் குட்டி வலியில் சுருண்டாள்.

"இந்தப் பக்கம் இல்லையாம் அண்ணி. முடிக்காமப் போகக்கூடாதாம்."

வழிகாட்டி அங்கேதான் நின்றிருந்தாள். அன்று யாரையும் அவள் ஓட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை. எங்களுக்காகத்தான் காத்திருந்தாளோ, அவருக்காகவோ.

"ஆத்தங்கரைக்கு வாங்க," என்றாள். "நான் பேசிப் பார்க்கிறேன். நான் சொன்னா கேப்பார். எப்பவும் கேப்பார்."

எனக்கு வேறு வழி இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். பெட்டிகளோடு என் கணவரை அங்கேயே இருக்கச் சொன்னேன். டாக்டரைத் தேடி ஃபோன் செய்துகொண்டிருந்தார். அவர் நம்புவது அதைத்தான். நானும் அதையே நம்ப ஆசைப்பட்டேன்.

பனி விலகி நல்ல வெயில் அடித்தது. கைப்பிடிச் சுவரோரம் ஒருவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஆறு பழுப்பு நிறத்தில், அவசரமாக ஓடியது. அந்த இரண்டு தூண்களையும் வெளிச்சத்தில் பார்த்தபோது பயமாகக்கூட இல்லை. ஏதோ பாதியில் விட்ட கட்டட வேலை மாதிரி இருந்தன.

குட்டியை ஆற்றைப் பார்த்து நிறுத்தினோம். வழிகாட்டி அவளுக்குப் பின்னால் போய், வெற்றிடத்தைப் பார்த்து நின்றாள். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான்," என்றாள். "வந்திருக்கேன். போதும், இவங்களை விட்டுடுங்க. என்கூட வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

நாயின் மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் வழிகாட்டி.

குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இந்தம்மா யாருன்னு கேக்கிறார்."

வழிகாட்டி தலையை ஆட்டினாள். யாரோ மணி சொன்னதற்கு ஆட்டுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. பிறகு அவளுக்கு ஏதோ தோன்றியது. முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஓடும்போது என் முகத்தை எங்க பார்த்திருக்கார்? முதுகைத்தான் பார்த்துக்கிட்டே வருவார்," என்று சொல்லி, மெல்லத் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஓடத் தயாராகிறவள் மாதிரி கைகளை இடுப்புக்கு உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

வெயிலில் அவள் கழுத்து வியர்த்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"இப்ப?" என்று திரும்பாமலே கேட்டாள்.

குட்டியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "கொஞ்சம் வழி விடச் சொல்றார் அக்கா. கடைசி ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கணுமாம்."

வழிகாட்டி வழி விட்டாள்.

அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. புரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு அடி ஒதுங்கினாள், அவ்வளவுதான். யாரும் ஒதுங்குவது போல.

குட்டி ஓட ஆரம்பித்தாள்.

சுவரில் பாலம் இருந்த இடத்தில் ஒரு இடைவெளி. அதை மறித்து ஒரு மரத்தடுப்பு. அதை நோக்கி ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, நான் போகல. கால்தான் போகுது. விட்டுடாதீங்க."

"விட மாட்டேன்."

"அண்ணி, எதிர்ல பாலம் இருக்குங்கிறார். எனக்கும் தெரியுது."

தடுப்பு முறிந்தது. நான் கீழே விழுந்தேன். விழுந்தபடியே அவள் காலைப் பிடித்தேன். எந்தக் கால் என்று பார்க்க நேரமில்லை. கை போன இடத்தில் கணுக்கால் கிடைத்தது, இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். அவள் உடம்பு முன்னால் போனது. நான் பிடித்த கால் பின்னாலேயே நின்றது.

ஒரு சத்தம் கேட்டது. கெட்டியான துணியைக் கிழிக்கிற சத்தம்.

அவள் அலறிக்கொண்டு விளிம்பில் விழுந்தாள். தலை ஆற்றுக்கு மேல், உடம்பு கரையில். நாயைக் குளிப்பாட்டியவர் ஓடிவந்து அவளைத் தூக்கினார். மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, கைக்குழந்தை போல் நான் காத்த முழங்கால் அது. என் கையாலேயே அதை முறித்தேன்.

வலியில் நினைவு தப்புவதற்கு முன் என் காதருகே அவள் சொன்னது இது. "வருத்தப்படுறார் அண்ணி. பரவாயில்ல, மெதுவா எழுந்திருங்க, நான் நிக்கிறேன்ங்கிறார்."

அசையாமல் படுக்கையிலேயே வைத்து அவளை ஊருக்குக் கொண்டுவந்தோம். இந்த முறை வழியில் எந்தத் தடையும் இல்லை. அவள் நடக்கவில்லை என்பதாலோ என்னவோ.

மறுபடி அறுவை சிகிச்சை. மறுபடி கட்டு. மாதங்கள் போயின. அவள் தேறினாள். சாப்பிட்டாள், தூங்கினாள், அண்ணனோடு சீட்டாடி அவரை ஏமாற்றி ஜெயித்தாள். குரல் எதுவும் கேட்கவில்லை என்றாள். எலும்பு டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இனி நடக்க வேண்டியதுதான், ஒரு தடையும் இல்லை என்றார். ஊன்றுகோலையும் கொடுத்தார்.

அவள் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் கத்தியும் பார்த்தார். பிறகு மொட்டைமாடிக்குப் போய் நின்றார். குட்டி என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் நடந்தாதானே அண்ணி அவருக்கு வேலை? இப்படியே இருந்துடுறேன். உட்கார்ந்தே இருக்கிறவளுக்குப் பின்னாடி யார் ஓடி வருவாங்க?"

இருபத்தாறு வயதுப் பெண். ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள். "சரிடா," என்றேன்.

ஒருநாள் வழிகாட்டி ஃபோன் செய்தாள். குட்டியின் நலம் விசாரித்தாள்.

"அக்கா, இப்பல்லாம் கடைசில வர்றவங்க யாருமே எதுவும் சொல்றதில்ல. நான் கேட்டும் பார்த்துட்டேன். பின்னாடி யாரும் வரலைங்கிறாங்க." மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "அவர் அங்க இருக்காரா?"

"இல்ல," என்றேன்.

அன்று அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில். குட்டிக்கு அங்கேயே உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஏற்பாடு செய்திருந்தேன். எழுந்து நிற்காவிட்டாலும் உட்கார்ந்தபடியே காலை அசைக்கப் பழகட்டும் என்று. அந்தப் பிரிவு மாடியில். மின்தூக்கி பழுதாகிக் கிடந்ததால் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நீளமான, செங்குத்தான ஏற்றம். பாதியில் ஒரு திருப்பம். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

குட்டி அன்று கலகலப்பாக இருந்தாள். அண்ணன் சமைக்கிறேன் பேர்வழி என்று காலையில் பாத்திரத்தைக் கருக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. வயது ஆகிறது, இடுப்பு வலி வேறு. திருப்பத்தில் நின்று, ஒரு நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன்.

தள்ளவே தேவையில்லாமல் இருந்தது.

நாற்காலி அவ்வளவு லேசாக ஏறியது. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த மறுகணமே கைப்பிடியில் என் விரல்களுக்குப் பக்கத்தில் ரப்பர் உறை அழுந்துவதைப் பார்த்தேன். நாலு விரல் பதிகிற அகலத்துக்கு. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.

என் கைகளை எடுத்துவிட்டேன்.

எடுத்த கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

நாற்காலி நிற்கவில்லை. பின்னால் உருளவும் இல்லை. ஒரே சீராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடியே, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அண்ணி இவ்வளவு வேகமா தள்ளுறீங்க?"